மூன்று போத்தல் ஆற்றுத் தண்ணீர்

ஊரைக் கூட்டி வைத்து ஒரு வேலையைத் திட்டமிடுவது போல எரிச்சல் பிடித்த காரியம் வேறொன்று இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இதைச் சொன்னால் என் மனைவி சிரிப்பாள். "நீங்கள் எரிச்சற்படாத காரியம் எது?" என்று கேட்பாள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அவள் அந்த ஆற்றுத் தண்ணீர்க் கூட்டங்களில் ஒன்றுக்காவது வந்து இருந்து பார்த்திருக்க வேண்டும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசையில் நின்ற காலம். வெருகல் ஆறு கடலை நெருங்குகிற பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஊரின் பள்ளிக்கூடத்துக்கு என்னை விஞ்ஞான ஆசிரியராக மாற்றியிருந்தார்கள். எனக்கு வீடு திருகோணமலையில். கிழமைக் கடைசியில் வீட்டுக்குப் போவதென்றால் மூதூர் வரை பஸ், அங்கிருந்து குடாவைக் கடக்க லோஞ்ச். பஸ் நேரத்துக்கு வந்தால் லோஞ்ச் பழுது, லோஞ்ச் ஓடினால் பஸ் வழியில் நிற்கும். ஆகவே அந்த ஊரில் கால் வைக்கும்போதே எனக்குப் பாதிக் கோபம் ஏறியிருந்தது என்பதை வாசிப்பவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊரில் கிணறுகள் இல்லாமல் இல்லை. எல்லாம் உவர். பாத்திரம் கழுவலாம், தேத்தண்ணி போட்டால் வாயில் வைக்க ஏலாது. குடிக்கிறதுக்கு ஆற்றோரத்து மணலில் பள்ளம் தோண்டி, ஊறி வருவதைச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். அந்தப் பள்ளத்துக்குப் பூவல் என்று பேர். கோடையில் அந்தத் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது. மாரி தொடங்கினால்தான் வில்லங்கம். ஆறு பெருகிப் பூவலை மூடிவிடும். மேலே வயல்களுக்கு அடித்த மருந்தும், மாட்டுச் சாணமும், சொல்லக் கூச்சமான மற்றதெல்லாமும் ஆற்றில் வந்து விழும். சனங்கள் வேறு வழியில்லாமல் அந்த ஆற்றையே அள்ளுவார்கள். பிறகு வயிற்றோட்டமும் வாந்தியும் வீடு வீடாகப் போகும். என் வகுப்பில் பிள்ளைகள் இருக்கும் வாங்குகளில் பாதி வெறுமையாகக் கிடக்கும்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்வளவில் ஒரு இளம் பெண் இருந்தாள். புருஷன் கடலுக்குப் போகிறவன். நான் வருவதற்கு முந்திய மாரியில் அவளுடைய மூத்த பெண்பிள்ளை வயிற்றோட்டத்தில் செத்துப் போயிருந்தது. மாட்டுவண்டியில் வைத்து மூதூருக்குக் கொண்டு போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். இப்போது இடுப்பில் இன்னொரு ஆண்பிள்ளை, தவழத் தொடங்கும் பருவம். என்னைக் கண்டபோதெல்லாம் அவள் ஒரே கதையைத்தான் கதைப்பாள்.

"மாஸ்டர், நீங்கள் நாலு பேரோட கதைக்கக்கூடிய ஆள். எங்களுக்கு ஒரு நல்ல தண்ணிக் கிணறு எடுத்துத் தாங்கோ. என்ர வீட்டில நான் கொதிக்க வைச்சுக் குடுப்பன். இவன் நடக்கத் தொடங்கினால் எந்த வீட்டில எந்தச் செம்பைக் கண்டாலும் எடுத்துக் குடிப்பான். நான் எத்தினை வீட்டுத் தண்ணியைக் கொதிக்க வைக்கிறது?"

மாரியில் நனைந்த விறகோடு அவள் ஊதி ஊதிக் கண் சிவந்து நிற்பதை நான் பள்ளிக்கூட யன்னலால் பார்த்திருக்கிறேன். பிள்ளை நடக்கும் முன் கிணறு. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

மூதூர்ப் பக்கத்துச் சுகாதாரப் பரிசோதகரைப் பிடித்தேன். நல்ல மனிதர். மோட்டார் சைக்கிளில் வருவார், மணலில் அதைச் சாயாமல் நிறுத்த இடம் தேடுவதிலேயே அரைவாசி நேரம் போய்விடும். அவர் சொன்னார்: "மாஸ்டர், மேட்டு நிலத்தில ஒரு குழாய்க்கிணறு அடிக்கலாம். ஆனால் ஆத்துத் தண்ணி பழுது எண்டு காட்ட வேணும். அதுவும் நாங்கள் வந்து அள்ளிக்கொண்டு போனால் காணாது. ஊராக்கள் சேர்ந்து தங்கட தண்ணியைத் தாங்களே கண்காணிக்க வேணுமாம். இப்ப மேலிடத்தில இதுதான் கதை."

மேலிடத்துக்குக் கதை சொல்ல என்ன? கூட்டம் கூட்டுகிறவன் அல்லவா சாகிறான்.

முதல் கூட்டம் முழுவதும் யார் தலைவர் என்பதிலேயே போனது. இரண்டாவது கூட்டத்தில் எந்த நாளில் தண்ணீர் அள்ளுவது என்று எடுத்தோம். வெள்ளிக்கிழமை என்றேன். பள்ளிவாசலுக்குப் போகிற நாள் என்றார்கள், சரி. ஞாயிற்றுக்கிழமை என்றேன். பூசை என்று கரையோரத்துக் கத்தோலிக்கர் இருவர் எழுந்தார்கள், அதுவும் சரி. செவ்வாய்க்கிழமை கோயில் நாள். சனிக்கிழமை நல்ல காரியம் தொடங்கக் கூடாது. புதன்கிழமை என்றபோது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் சந்தோஷப்பட்டு வாயை மூடுவதற்குள், பின்னால் இருந்து ஒருவர் வருகிற புதன் அட்டமி என்றார். கரும்பலகைத் துடைப்பானை அவர் மேல் எறியாமல் விட்டது நான் செய்த புண்ணியம். கடைசியில் திங்கட்கிழமை என்று நானே எழுதி அடியில் கோடும் போட்டேன்.

கிருமியைப் பற்றி ஒரு விரிவுரையும் நடத்தினேன். படம் கீறி, நுணுக்குக்காட்டியை விளக்கி, தொண்டை வறண்டு போனேன். அங்கே புதுக்கிணறு வெட்டினால் ஊரில் வயதானவர் ஒருவர் முதல் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி வாயில் விட்டுப் பார்த்து, உவரா நல்லதா என்று சொல்வது வழக்கம். அந்த வழக்கத்தை வைத்துக்கொண்டு ஒருவர் கேட்டார்:

"இதுக்கேன் மாஸ்டர் இவ்வளவு பாடு? வாயில விட்டுப் பாத்தால் தெரியுந்தானே?"

"ஐயோ, நீங்கள் ஒருத்தரும் வாயில விட வேண்டாம். அதுக்கெல்லாம் கொழும்பில படிச்ச ஆக்கள் இருக்கினம்" என்று சொல்லி அந்தக் கதையை முடித்தேன்.

மூன்று இடத்தில் அள்ளுவதென்று முடிவானது. மேலே வயல்வாய்க்கால்கள் ஆற்றில் விழும் இடத்துக்கு, அங்கே வயல் வைத்திருந்த மூதூர்ப் பெரியவர் ஒருவர் பொறுப்பு. முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கிற முறையில் எல்லாரும் அவரைக் காக்கா என்போம். நடுவில் பிள்ளையார் கோயில் துறை. கோயில் அலுவல் பார்க்கிற வண்ணக்கர் அதை எடுத்துக்கொண்டார். கீழ்த்துறைக்கு யார் என்று ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, பின்வளவுப் பெண் பிள்ளையோடு எழுந்து நின்றாள்.

"கீழ்த்துறையில தண்ணி அள்ளுறது நாங்கள்தானே. நான் எடுக்கிறன்."

பரிசோதகர் கபில நிறக் கண்ணாடிப் போத்தல்கள் மூன்று கொண்டுவந்து தந்தார். கிருமி நீக்கி, வாயில் கடதாசி சுற்றிக் கட்டியிருந்தது. நான் ஒவ்வொன்றிலும் அள்ளுகிறவர் பேரை எழுதி ஒட்டி, மூன்று பேரையும் வரிசையில் நிற்பாட்டிப் பாடம் வைத்தேன். கழுவக் கூடாது. உள்ளே விரல் படக் கூடாது. ஆற்றில் பிடித்தபடியே மூட வேண்டும். வாய்ப்பாடு மாதிரி மூன்று தரம் சொல்ல வைத்தேன். மூவரும் சொன்னார்கள். இதைவிட ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

திங்கட்கிழமை நல்ல மழை. ஆறு மண்ணிறத்தில் நுரைத்துக்கொண்டு போனது. மூன்று போத்தலும் சொன்ன நேரத்துக்கு என் கையில் வந்து சேர்ந்தபோது எனக்கே என் மேல் ஒரு மதிப்பு வந்தது. அவற்றை மீன் வாடியில் இரந்து வாங்கிய ஐஸ் பெட்டிக்குள் வைத்து மடியில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன். பெட்டி சூடை மீன் மணத்தது. கொண்டக்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "மாஸ்டரும் இப்ப கசிப்புக் காய்ச்சத் தொடங்கியாச்சோ?" என்றான். மாஸ்டர் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறாராம் என்று பஸ் முழுக்கச் சிரிப்பு. லோஞ்சில் அலை அடித்துப் பெட்டி கவிழப் பார்த்தது. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருந்த சுகாதார அலுவலகத்தில் ஒப்படைத்தேன். அங்கிருந்து கொழும்புக்குப் போகும் என்றார்கள். என் காற்சட்டை மீன் மணம் போக இரண்டு கிழமை எடுத்தது.

பிறகு ஒருநாள் பரிசோதகர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஊர் கூடிவிட்டது. அவர் கதிரையில் இராமல் நின்றபடியே அறிவித்தார்.

"மூண்டு இடத்துத் தண்ணியும் நல்லம். குடிக்க உகந்தது எண்டு வந்திருக்கு."

ஊரே கை தட்டியது. விசில்கூட அடித்தார்கள். வண்ணக்கர் எழுந்து, இது பிள்ளையாருடைய கருணை என்றார். காக்கா பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப் பிடித்தார். பரீட்சையில் ஊர் முழுக்கச் சித்தியடைந்த மாதிரி ஒரு பூரிப்பு. நான் மட்டும் கை தட்டவில்லை. அந்த ஆறா உகந்தது? தண்ணீர் அள்ளின அதே கிழமையில் என் வகுப்பில் பாதிப் பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

கை தட்டல் ஓய்ந்ததும் பின்வளவுப் பெண் கேட்டாள்: "அப்ப கிணறு, ஐயா?"

பரிசோதகர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "தண்ணி நல்லமெண்டால் கிணறு ஏன் தங்கச்சி? அது வேற ஊருக்குப் போகும்."

அப்போதுதான் கூட்டத்துக்கு உறைத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிள்ளை அந்தப் பெண்ணின் கையிலிருந்து நழுவி இறங்கி, வாங்கைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றான். அவள் அவனுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அன்றைக்கே முதலில் காக்காவிடம் போனேன்.

"காக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. எங்க அள்ளின தண்ணி அது?"

"எங்கட வளவுக் கிணத்திலதான் மாஸ்டர்" என்றார், கொஞ்சமும் கூசாமல். ஊருக்கு எட்ட, மேல்வயல் மேட்டில் இருந்த அவருடைய வளவில் மட்டும் நல்ல தண்ணீர் இருந்தது. "கொழும்புக்குப் போற தண்ணி. எங்கட பேரையும் எழுதி ஒட்டிட்டீங்க. வாய்க்கால்ல கிடக்கிற ஊத்தையையா அனுப்புற? நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"எனக்கு அந்த ஊத்தைதான் காக்கா வேணும்!"

"ஒங்களுக்கு ஊத்தத் தண்ணிதான் வேணுமெண்டா முதல்லயே செல்லியிருக்கலாமே மாஸ்டர்."

முதலிலேயே சொல்லவில்லையாம். மூன்று கூட்டம் வைத்து, படம் கீறி, தொண்டை கிழியக் கத்திய நான் சொல்லவில்லையாம். அவருடைய மனைவி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பி வந்தேன். அது மரியாதையில்லாத செயல்தான்.

வண்ணக்கர், உவரென்றாலும் கிருமி அண்டாத கோயிற் கிணற்றில் அள்ளியிருந்தார். அதுவும் தோய்ந்து, ஈர வேட்டியோடு, சுத்தபத்தமாக. "துறைத் தண்ணி பழுது எண்டு அரசாங்கம் எழுதி வைச்சால் ஆருக்கு மாஸ்டர் அவமானம்? பிள்ளையாருக்கெல்லோ?" என்று என்னையே கேட்டார். அவரோடு வாதாட எனக்குப் பலம் இல்லை. ஒரு விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பதென்றால் இந்த ஊரில் இருப்பதில் திறமானதைத்தான் கொடுப்பார்கள். கொழும்புக்கும் அப்படியே கொடுத்துவிட்டார்கள். அது விளங்கியதால் என் கோபம் குறைந்ததா என்றால் இல்லை, கூடியது.

கடைசியாகப் பின்வளவுக்குப் போனேன். இவளாவது ஒழுங்காகச் செய்திருப்பாள் என்று நம்பித்தான் போனேன். கிணறு அவளுக்குத்தானே வேண்டும்? அவள் அடுப்படியில் குந்தியிருந்தாள். அடுப்பில் பானை.

"தங்கச்சி, ஆத்துத் தண்ணிதானே அள்ளினீர்?"

"ஓம் மாஸ்டர். கீழ்த்துறையில, நீங்கள் சொன்ன இடத்தில."

"அப்பிடியே போத்தலில பிடிச்சீரோ?"

அவள் விறகை உள்ளே தள்ளினாள்.

"குடத்தில அள்ளிக்கொண்டு வந்து, தேத்தாங்கொட்டை உரைச்சு விட்டுத் தெளிய வைச்சனான். பிறகு சீலைத்துண்டால வடிச்சு, நல்லாக் கொதிக்க வைச்சு, ஆறின பிறகுதான் போத்தலில விட்டனான். போத்தலுக்கை விரல் படவேயில்லை மாஸ்டர்."

எனக்குத் தலைக்குள் நெருப்புப் பிடித்தது. அந்தக் குசினிக்குள் நின்று கத்தினேன். உமக்கு விசரா, பைத்தியமா என்று கேட்டேன். கிணறு கிணறு என்று என்னை அரித்தது நீர்தானே, பிறகு ஏன் நீரே மண்ணை அள்ளிப் போட்டீர் என்று கேட்டேன். மற்றவர்களுக்கு மானம், மரியாதை, பிள்ளையார். உமக்கு என்ன வந்தது? பிள்ளை பயந்து அழத் தொடங்கியது. அவள் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, என் கத்தல் முடியும்வரை காத்திருந்தாள்.

"மாஸ்டர், கொழும்பில அதை ஒரு ஆள் வாயில விட்டுப் பாக்கும் எண்டுதானே நீங்கள் சொன்னீங்கள்."

"நான் எப்ப சொன்னனான்?"

"கூட்டத்தில. நீங்கள் ஒருத்தரும் வாயில விட வேண்டாம், அதுக்குக் கொழும்பில ஆக்கள் இருக்கினம் எண்டு." அவள் பிள்ளையின் முதுகைத் தடவினாள். "அதுவும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே மாஸ்டர். படிச்சு உத்தியோகம் பாக்க வந்த பிள்ளை. எனக்குத் தெரியும் அந்தத் தண்ணி என்ன செய்யும் எண்டு. தெரிஞ்சுகொண்டு நான் எப்பிடி அதை அப்பிடியே குடுத்து விடுறது? எங்களுக்குக் கிணறு வேணும் எண்டதுக்காக?"

நான் வாசற்படியில் குந்திவிட்டேன். இரைந்து கத்தியவனுக்கு இப்போது அழுகை வரும்போல இருந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. ஒருவரும் குடிக்க மாட்டார்கள், கண்ணாடிக்குக் கீழே வைத்துத்தான் பார்ப்பார்கள் என்று மெல்லமாக, முதல் தடவையாக அவளுக்கு மட்டும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சத்தியமா?" என்றாள். சத்தியம் என்றேன்.

பரிசோதகரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். இன்னும் மூன்று போத்தல் தேடித் தந்தார். கிணறு வேறு ஊருக்குப் போகாமல் கொஞ்ச நாள் பிடித்து வைக்கிறேன் என்றும் சொன்னார். இந்த முறை நான் ஒவ்வொரு இடத்துக்கும் போய்ப் பக்கத்தில் நின்றேன். காக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வாய்க்கால் வாயில் பிடித்தார். வண்ணக்கர் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் துறையில் இறங்கினார். கீழ்த்துறையில் அவள் முழங்கால் தண்ணீரில் நின்று போத்தலை அமிழ்த்தினாள். கலங்கல் குமிழி விட்டு உள்ளே போவதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூடியதும் தன் பழைய சீலையில் ஒரு சிவப்புத் துண்டு கிழித்து அதன் கழுத்தில் கட்டினாள்.

"இது எதுக்கு?"

"பாக்கிறவைக்கு ஒரு அடையாளம். நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ மாஸ்டர். மறந்து போயிடாதேங்கோ."

பஸ் புறப்படும்போதும் வந்து யன்னலைத் தட்டி அதையே சொன்னாள். கொண்டக்டர் என்ன சொல்ல வேண்டுமாம் என்று கேட்டான். உன் வேலையைப் பார் என்றேன்.

ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில் போத்தல்களை வாங்க ஒரு கிளாக்கர் இருந்தார், என்னைவிட வயது குறைந்தவர். பெட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். படி வரைக்கும் போனேன். பிறகு திரும்பி வந்தேன். நான் பட்டதாரி, விஞ்ஞான ஆசிரியர். அந்த மேசைக்கு முன்னால் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்:

"தம்பி, சிவப்புத் துண்டு கட்டின போத்தல். அதை ஒருத்தரும் குடிக்க வேண்டாமாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆர் மாஸ்டர் குடிக்கப் போறது?"

"ஒருத்தரும் இல்லை. எண்டாலும் சொல்லிவிடச் சொன்னவை" என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே வந்தேன்.

மூன்று போத்தலும் பழுது என்று முடிவு வந்தது. இந்தத் தடவை ஊர் கை தட்டவில்லை. பழுது என்று கேட்டதும் எல்லாருக்கும் முகம் சுருங்கிவிட்டது. இதுதான் வெற்றி, இதற்குத்தான் கை தட்ட வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேர் தட்டினார்கள்.

அடுத்த மாரிக்கு முன் மேட்டு நிலத்தில் குழாய்க்கிணறு அடித்தார்கள். முதல் தண்ணீரை வழக்கப்படி வயதானவர் ஒருவர் கையில் ஏந்தி வாயில் விட்டு, நல்லம் என்றார். எல்லாரும் வரிசையில் வந்து குடித்தார்கள். பின்வளவுப் பெண் ஒரு குடம் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கொஞ்சம் கழித்துத் திரும்பி வந்து எனக்கு ஒரு மூக்குப்பேணி நிறையத் தண்ணீர் நீட்டினாள். வாங்கினேன், கை சுட்டது.

"கொதிக்க வைச்சனீரோ?" என்றேன். "தங்கச்சி, கொதிக்க வைக்கத் தேவையில்லாத தண்ணி வேணும் எண்டுதானே நாங்கள் இவ்வளவு பாடும் பட்டது!"

"ஓம் மாஸ்டர், தெரியும். குடியுங்கோ."

அப்போது அவளுடைய பிள்ளை கூட்டத்துக்குள்ளால் தள்ளாடித் தள்ளாடி நடந்துபோய்க் குழாயின் கீழே வாயை வைத்தான். அவள் ஓடப் போனாள். இரண்டடி வைத்துவிட்டு நின்றாள். யாரோ பம்பை அடித்துக் கொடுக்க, முகமெல்லாம் நனைய அவன் குடித்தான். தாய் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, வயிறு நிறைய அவன் குடித்து முடிக்கும்வரை அசையாமல் நின்று பார்த்தாள்.

நான் அந்தச் சுடுதண்ணியை ஊதி ஊதிக் குடித்தேன்.